மலை பழகிய மந்தை – அத்தியாயம் 17

மந்தையை விற்க வேண்டிய நாள் நல்ல வெயிலோடு விடிந்தது. அதையே ஹெஸ்டர் கீர்ட்டன் ஓர் அவமரியாதையாக எடுத்துக்கொண்டாள். ஆஸ்கில் பள்ளத்தாக்கில் அக்டோபர் என்றால் மழை. மழை பெய்திருந்தால் சந்தைக்குப் போவதைத் தள்ளிப்போட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். மழைக்காகச் சந்தை ஒருநாளும் நின்றதில்லை என்பது அவளுக்குத் தெரியாததன்று. ஆனாலும் மனம் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

அவளுடைய கணவர் கிட் கீர்ட்டன் ஜனவரிப் பனியில் இறந்துபோனார். அன்று முதல் கில்ஹெட் பண்ணையை ஹெஸ்டர் ஒருத்தியே நடத்தினாள். மகள் ஜூடித் லீட்ஸ் நகரத்தில் கணவன், குழந்தைகளோடு இருந்தாள். மகன் லூக் பதினைந்து மைல் தொலைவில், ஹோர்பி ஊரில் ஒரு தீவன ஆலையின் லாரியை ஓட்டிக்கொண்டு, ஆலைக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக வாழ்ந்தான்.

சென்ற வாரம் நாம் ஹெஸ்டரை விட்டு வந்தபோது, அவள் சந்தை அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசி, மந்தை முழுவதையும் ஏலத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டு, ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ஏன் விற்கிறாள் என்று கேட்டால், அவளிடம் ஒழுங்கான விடை இருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வறுத்த இறைச்சியைத் துண்டம் போட்டுக்கொண்டே அவள் லூக்கிடம் பேச்செடுத்தாள். ஆடுகளை விற்றுவிடலாமா என்று தான் யோசித்ததாகச் சொன்னாள். லூக் உருளைக்கிழங்கைப் பார்த்தபடி, "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்ங்கம்மா" என்றான். அவ்வளவுதான். வேண்டாம் என்று அவன் சொல்லுவான் என்பதற்காகவே அவள் அந்தப் பேச்சை எடுத்தாள். அவன் சொல்லவில்லை. ஆகவே அவனுக்கு மலையும் வேண்டாம், மந்தையும் வேண்டாம் என்று அவள் முடிவுகட்டினாள்.

ஹெஸ்டர் அந்தப் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூடம் மூடப்படும் வரையில் அங்கே ஆங்கில இலக்கணம் கற்பித்தவள். ஆங்கிலம் ஒரு விசித்திரமான மொழி என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் அங்கே யாரும் இல்லை. அதில் செம்மறியாடு ஒன்று என்றாலும் நூறு என்றாலும் சொல் மாறாது. அந்தச் சொல்லுக்குப் பன்மை விகுதியே கிடையாது. ஆனால் அதே ஆட்டுக்கு, பால் மறந்தால் ஒரு பெயர், முதல்முறை மயிர் கத்தரித்தால் ஒரு பெயர், ஈன்றால் ஒரு பெயர், பல் விழுந்தால் ஒரு பெயர் என்று கிட் ஒரு மூச்சில் அடுக்குவார். இன்னொரு விசித்திரமும் உண்டு. அவளுடைய நாட்டார் ஒன்றை இப்போது விரும்பினால், அதை இறந்தகாலத்தில் வைத்துத்தான் சொல்லுவார்கள். "கேட்கலாமென்று நினைத்தேன்" என்பார்கள். நினைத்து முடித்துவிட்டார்களா, இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்களா என்பதைக் கேட்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும். அதை அவள் முப்பது ஆண்டுகள் நயத்தக்க வழக்கு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் படிப்பித்தாள்.

லூக் ஏழு மணிக்கே வந்துவிட்டான். ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தான். அண்டைப் பண்ணைக்காரரின் லாரி முற்றத்தில் பின்பக்கம் திரும்பி நின்றது. தாயாடுகளை மேல்தட்டிலும், இன்னும் ஈனாத மறிகளைக் கீழ்த்தட்டிலும் ஏற்ற வேண்டும். கறுத்த முகமும் வெண்மூக்கும் சுருண்ட கொம்புமாக அவை கல் சுவரோரம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. லூக் வாயைத் திறக்காமல் வேலை செய்தான். கையை லேசாக வெளியே நீட்டினால் ஆடுகள் திரும்பின. அது கிட்டின் கை. நீட்டும் விதமும் விரல் மடங்கும் விதமும் அவருடையவை. ஹெஸ்டர் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"பகல்ல மழை வந்துடும்போல" என்றான் லூக்.

"வரலாம்" என்றாள் ஹெஸ்டர்.

"மேக்கால கருக்குது."

"ஆமா."

அதற்குமேல் பேச்சு இல்லை. மேகத்தைப் பற்றி ஆளுக்கு இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டால், அந்த நாட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டுவிட்டதாகக் கணக்கு.

லாரி புறப்பட்ட பிறகு ஹெஸ்டர் உள்ளே போய், முழங்காலுக்குக் கீழ் நீளும் கறுநீல மேற்சட்டையை அணிந்தாள். பள்ளி ஆய்வாளர் வரும் நாள்களில் அணிந்த சட்டை அது. கண்ணாடியின் முன்னால் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் லூக் நாயோடு பேசும் குரல் கேட்டது. நாயிடம் அவன் தாராளமாகப் பேசினான். பழைய மலைவட்டாரப் பேச்சில், அப்பனைப்போலவே, வார்த்தைக்கு வார்த்தை நீ, உன்னை, உனக்கு என்று பேசினான்.

இன்றைய ஆங்கிலத்தில் நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் ஒரே சொல்தான். அரசியையும் அதைக் கொண்டு அழைக்கலாம். அடுப்பங்கரைப் பூனையையும் அதைக் கொண்டு விரட்டலாம். நாடெங்கும் வழக்கொழிந்துபோன பழைய 'நீ'யை ஆஸ்கில் ஆடவர்கள் மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். மணமான முதல் வாரத்தில் கிட் அந்தச் சொல்லால் அவளை அழைத்தார். புதிதாக ஆசிரியப் பயிற்சி முடித்திருந்த ஹெஸ்டர், "அது படிக்காதவங்க பேச்சு, கிட். இந்த வீட்டுல வேண்டாம்" என்றாள். அவர் மறுப்புச் சொல்லவில்லை. நாயையும் ஆடுகளையும் பிள்ளைகளையும் அண்டை வீட்டாரையும் 'நீ' என்றே அழைத்தார். மனைவியை மட்டும், சாகும்வரையில், ஊர் முழுவதற்கும் பொதுவான அந்தப் புதிய சொல்லால் அழைத்தார். அதை மரியாதை என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவருடைய நெருக்கத்தின் வாசலுக்கு வெளியே தன்னைத் தானே நிறுத்திக்கொண்டோம் என்பது அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

லூக்கையும் அவள் விடவில்லை. பள்ளியிலிருந்து ஓடிவந்து எதையாவது சொல்ல வாயெடுத்தால், "முழு வாக்கியமா சொல்லு" என்பாள். அவன் திருத்திச் சொல்லுவான். மறுபடியும் திருத்துவாள். தவறாகச் சொல்லுவதைக் காட்டிலும் சொல்லாமலிருப்பது எளிது என்று அந்தப் பிள்ளை சின்ன வயதிலேயே கண்டுகொண்டான்.

*

ஹோர்பி சந்தையில் ஜூடித் முன்னதாகவே வந்து காத்திருந்தாள். நகரத்துக் காலணியைச் சாணத்தில் வைக்காமல் தாண்டித் தாண்டி வந்து தாயின் கன்னத்தில் முத்தமிட்டாள். தம்பியின் தோளில் ஒரு குத்து விட்டாள்.

"ஏன்டா, எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கற?"

"வேற எப்படி நிக்கறதாம்" என்று முனகிவிட்டு லூக் பட்டிகளின் பக்கம் போனான். ஜூடித் தாயை ஒருமுறை கூர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்லவந்தவள், பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டதைப்போல் இருந்தது. கீர்ட்டன் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

அந்தச் சந்தையில் ஒரு முறை இருக்கிறது. விற்பவர் தம் ஆடுகளோடு ஏல வளையத்துக்குள் போய் நிற்க வேண்டும். விலைக் கேள்வி ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றதும், ஏலக்காரர் சுத்தியலை ஓங்குவதற்கு முன் மேடையிலிருந்து குனிந்து, விற்பவரிடம் தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை கேட்பார். விற்பவர் தலையசைத்தால் விற்பனை. இல்லையென்று ஆட்டினால், ஆடுகள் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பும். அதைப் பற்றி யாரும் குறைகூற மாட்டார்கள். சுத்தியல் விழுந்துவிட்டாலோ, அதன்பின் பேச்சே இல்லை. விழுந்த சுத்தியலைத் தூக்கச் சொல்லிக் கேட்பவரைப் பள்ளத்தாக்கில் மூன்று தலைமுறைக்கு நினைவில் வைத்திருப்பார்கள்.

முதலில் தாயாடுகள். ஹெஸ்டர் கையில் கிட்டின் கோலோடு வளையத்துக்குள் நின்றாள். சுற்றிலும் படிப்படியாய் உயர்ந்த பலகைகளில் தொப்பி வைத்த தலைகள். அவர்களில் பாதிப் பேருக்கு அவள் வினைச்சொல் கற்பித்திருக்கிறாள். ஏலக்காரரான பார்க்கரும் அவளுடைய பழைய மாணவர்தான். ஆனால் இன்று அவர் மேடைமேல் இருந்தார். அவள் வைக்கோல் தூளில் நின்றாள்.

எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஒவ்வோர் ஆண்டும் பல் தேய்ந்த ஆடுகளைத் தாழ்நிலத்துக்கு விற்பது வழக்கந்தான். ஆனால் ஒரு மலைமந்தையை அடியோடு விற்பது வேறு. ஆஸ்கில் மலையுச்சியில் வேலியும் இல்லை, சுவரும் இல்லை. பத்துப் பண்ணைகளின் ஆடுகள் ஒரே மலையில் மேய்ந்தாலும், ஒவ்வொரு பண்ணையின் மந்தையும் தன்தன் பகுதியைத் தாண்டாது. அந்த எல்லையை ஆட்டுக்குக் கற்றுக்கொடுப்பது தாய். அந்தத் தாய்க்கு அதன் தாய். கில்ஹெட் மந்தை அப்படி எத்தனை நூற்றாண்டுகளாக அந்த மலைச்சரிவைப் பழகியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதை விற்றுவிட்டால், புதிய ஆடுகளைப் பொன் கொடுத்து வாங்கிவந்து விட்டாலும் அவை மலையில் நிற்காது; திசைக்கொன்றாய்ப் போய்விடும். ஆகவே இன்று விற்கப்படுவது ஆடுகள் மட்டுமல்ல என்பதை உணர்ந்து, வழக்கமாகக் கிண்டல் பேசும் கூட்டம் அடங்கியிருந்தது.

கேள்வி மளமளவென்று ஏறி நின்றது. கடைசியாகத் தலையசைத்தவர் டாலன்டையர் என்ற வியாபாரி. பழுப்பு நிற மேலங்கியும், எதையும் நம்பாத கண்களுமாக இருந்த மனிதர்.

பார்க்கர் குனிந்தார். "விட்டுடலாமா, டீச்சர்?"

ஹெஸ்டர் நிமிர்ந்து லூக்கைத் தேடினாள். அவன் வளையத்தின் கம்பியில் இரு கைகளையும் ஊன்றி, நேர் எதிரே நின்றுகொண்டிருந்தான். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சிறிய தலையாட்டல் போதும் என்று நினைத்தாள். வேண்டாம் என்று உதடு அசைந்தாலும் போதும். இந்த மந்தையையும், வாயைப் பூட்டிவைத்த இத்தனை மாதத்தையும் அப்படியே திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விடலாம். லூக்கின் விரல் முட்டிகள் கம்பியின்மேல் வெளுத்திருந்தன. அவன் பார்வை மெல்லத் தாழ்ந்து ஆடுகளின் குளம்புகளுக்குப் போய்விட்டது.

"டீச்சர்?"

ஹெஸ்டர் தலையசைத்தாள். சுத்தியல் விழுந்தது.

அடுத்துக் கீழ்த்தட்டு மறிகள் வந்தன. அவற்றையும் டாலன்டையரே எடுத்தார். இம்முறை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பயனில்லை, லூக் அங்கே இல்லை.

*

சந்தைக் கேன்டீனில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டமும் பட்டாணியும் மணத்தன. ஜூடித் இரண்டு குவளைத் தேநீரை மேசைமேல் வைத்தாள். ஒன்று தளும்பியது. ஹெஸ்டர் கைக்குட்டையால் அதை ஒற்றியெடுத்து, குவளையின் பிடியைத் தன் வலப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"நல்ல விலைதான்" என்றாள்.

"அம்மா" என்றாள் ஜூடித். "நான் ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு லூக்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அப்படின்னா சொல்லாத."

"அவன் ஆலைல ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டான். இந்த மாசக் கடைசியோட முடியுது. வீட்டுக்கு வந்துடலாம்னு இருந்தான்மா. மந்தைக்காகத்தான்."

ஹெஸ்டர் குவளையை எடுக்கவில்லை. யார் சொன்னார்கள், எப்போது சொன்னான் என்று ஒழுங்காகக் கேட்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் லூக்கே தொலைபேசியில் சொன்னதாகவும், அம்மா கேட்டால்தான் வருவேன், கேட்காத வீட்டில் போய் எப்படி நிற்பது என்று சொன்னதாகவும் ஜூடித் விவரித்தாள். ஏலப் பட்டியலில் மந்தை சேர்ந்திருப்பது தெரிந்தபோது அவன் பேச்சற்றுப் போனதாகவும், கடைசி நிமிடத்தில் அம்மா தலையாட்டி நிறுத்திவிடுவாள் என்று இன்று காலைவரையில் அவன் நம்பியதாகவும் சொன்னாள்.

"எங்கிட்ட ஏன் நீ முன்னாடியே சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் பெரியவங்க. நடுவுல நான் எதுக்குன்னு இருந்துட்டேன்." ஜூடித்தின் கண்கள் கலங்கியிருந்தன. "தப்புதாம்மா. காலைல உங்க முகத்தப் பாத்தப்பவே சொல்லியிருக்கணும்."

சற்று நேரத்தில் லூக் வந்தான். தொப்பி நனைந்திருந்தது, மேற்கில் கறுத்தது வந்துசேர்ந்துவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே என்ன நடந்ததென்று புரிந்துகொண்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"உன் வாய்ல ஒண்ணும் நிக்காது" என்றான்.

"உன் வாய்லேர்ந்து ஒண்ணும் வராது. ரெண்டுக்கும் சரியாப்போச்சு" என்றாள் ஜூடித்.

ஹெஸ்டர் மகனை நேராகப் பார்த்தாள். "வளையத்துல நின்னு உன்னைத்தானே பாத்தேன், லூக். ஒரு தலையாட்டல்."

"பாத்தீங்க" என்றான் அவன். கோபமில்லை, களைப்பு மட்டும் இருந்தது. "கேக்கலியேம்மா."

அவள் வாதாட எழுந்த சொற்களை எல்லாம் விழுங்கினாள். உன் விருப்பத்தை நீ அறிவித்திருக்கலாமே என்று தொடங்கும் ஒரு நல்ல வாக்கியம் நாக்கு நுனி வரையில் வந்திருந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. அதனாலேயே அவள் அதைச் சொல்லவில்லை.

எழுந்தாள். மேற்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். எங்கே என்று ஜூடித் கேட்டதற்கு, "டாலன்டையர்கிட்ட" என்றாள்.

லூக் திடுக்கிட்டான். "அம்மா, வேண்டாம். சுத்தியல் விழுந்தாச்சு. ஊரே பாக்குது."

"பாக்கட்டும்."

*

பட்டிகளுக்கிடையில் ஓடிய சந்தில் மழை சாய்ந்து அடித்தது. டாலன்டையர் சுவரோரம் நின்று புகைக்குழாயைப் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெஸ்டரைக் கண்டதும், நல்லதிர்ஷ்டக் காசு கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து உள்ளங்கையை நீட்டினார். விற்றவர் வாங்கியவரின் கையில் ஒரு நாணயத்தை வைத்து அழுத்துவது சந்தை வழக்கம். அவள் நாணயத்தை எடுக்கவில்லை.

வாழ்நாள் முழுவதும் அவள் கற்பித்த வழியில் பேசுவதானால், இதற்குக் குறைந்தது நான்கு வாக்கியம் வேண்டும். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், ஒன்று கேட்கலாமோ என்று நினைத்தேன், உங்களுக்குச் சிரமமில்லாவிட்டால், முடியாதென்றாலும் ஒன்றுமில்லை. அவள் நான்கையும் விட்டுவிட்டாள்.

"என் ஆடுங்க எனக்குத் திரும்ப வேணும், மிஸ்டர் டாலன்டையர்."

பக்கத்துப் பட்டியின் கம்பிமேல் சாய்ந்திருந்த இரண்டு ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். டாலன்டையர் தீக்குச்சியை உதறி அணைத்தார்.

"சுத்தியல் விழுந்துடுச்சுங்க."

"தெரியும். நான் செஞ்சது தப்பு. என் பையனைக் கேக்காம வித்துட்டேன். அவனுக்கு அந்த மந்தை வேணும். எனக்கு அவன் வேணும். நீங்க கொடுத்த விலைக்கு மேல கேட்டாலும் தரேன்."

இப்படி ஒருவர் பேசி டாலன்டையர் கேட்டதில்லை என்று தோன்றியது. அவர் கையிலிருந்த புகைக்குழாயையே பார்த்தார். கேட்டவளைவிடக் கேட்கப்பட்டவர்தான் கூச்சப்பட்டார்.

"ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா, டீச்சரம்மா?" என்றார் கடைசியில். தாயாடுகள் தென்கோடிக் கென்ட் பகுதியின் பண்ணையார் ஒருவருக்கென்று முன்கூட்டியே பேசி வாங்கியவை. அவருடைய லாரி வாசலிலேயே காத்திருந்து, ஏற்றிக்கொண்டு தெற்கே போய்விட்டது. தெற்கே சேர்ந்ததும் நாலு பண்ணைக்குப் பிரிந்துவிடும் என்று விளக்கினார். பிறகு பட்டியின் மூலையைக் காட்டினார். அங்கே மறிகள் நனைந்துகொண்டு நின்றன. "இதுங்க எனக்காக எடுத்தது. யாருக்கும் வாக்குக் கொடுக்கல. எடுத்துக்கங்க. எடுத்த விலைக்கே."

ஹெஸ்டர் நன்றி சொன்னாள். இப்போது அவர் விற்பவர். சட்டைப் பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்து அவள் ஈர உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"அதிர்ஷ்டத்துக்கு" என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "இதுங்கள்ல பாதி ரெண்டு கோடைதான் மலைல இருந்திருக்கும். தாய் இல்லாம நிக்குமான்னு தெரியல. அதையும் சொல்லிடறேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

லூக் சந்தின் முனையில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு கேட்டான் என்று அவள் விசாரிக்கவில்லை. அவன் மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

*

பொழுது சாயுமுன் கில்ஹெட்டுக்குத் திரும்பினார்கள். ஜூடித் உடன் வரவில்லை. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும் என்று லீட்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது தம்பியின் காதில் ஏதோ சொன்னாள். அவன் பதில் சொல்லாமல் கார்க் கதவைச் சாத்திவிட்டான்.

பண்ணையின் மேல்வயலைத் தாண்டினால் கடைசிச் சுவர். அந்தச் சுவரில் ஒரு மரக்கதவு. கதவுக்கு அப்பால் மலை. மழை ஓய்ந்து, மூடுபனி பாதிச் சரிவு வரையில் இறங்கியிருந்தது. லூக் கதவை அகலத் திறந்து கல்லை அண்டைகொடுத்து நிறுத்தினான். நாயைப் பின்னால் அனுப்பினான். மறிகள் கூட்டமாக வாசல் வரையில் வந்தன.

வந்து நின்றன.

ஒவ்வொரு முறையும் அந்த வாசல் திறந்ததும், பல் தேய்ந்த இரண்டு மூன்று கிழட்டு ஆடுகள் யாரையும் எதிர்பாராமல் முதலில் அடியெடுத்து வைக்கும். மற்றவை அவற்றின் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டே ஏறிவிடும். இன்று முன்னால் போக ஒன்றும் இல்லை. மறிகள் தலையைத் திருப்பித் திருப்பிக் கூட்டத்துக்குள்ளேயே யாரையோ தேடின. ஒன்று கத்தியது. மேலே இருந்து பதில் வரவில்லை.

நாய் மீண்டும் நெருக்கியது. அவை ஒதுங்கினவே தவிர வாசலைத் தாண்டவில்லை. லூக் நாயைக் கூப்பிட்டுக்கொண்டான்.

"போகாதுங்கம்மா" என்றான். "தள்ளிவிட்டாலும் நாளைக்குக் காலைல அடுத்த பள்ளத்தாக்குல நிக்கும். யாராவது மேல போய் எல்லையில நின்னு, தாண்டறப்பல்லாம் திருப்பித் திருப்பி விடணும். தினமும். பனி காலம் போய் அடுத்த கோடை வரைக்கும். அப்படித்தான் ஆதியில பழக்கியிருப்பாங்க."

ஹெஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஏறிவந்ததில் மூச்சு வாங்கியது. மூச்சு அடங்கும் வரையில் காத்திருந்து, பிறகு சொன்னாள். இதையும் அவள் ஜோடனையில்லாமலேயே சொன்னாள்.

"லூக், நீ இங்கயே இருக்கணும். மந்தைக்காக இல்ல. நான் கேக்கறேன்."

கதவுக்கு அண்டைகொடுத்த கல்லைக் காலால் ஒருமுறை சரிசெய்தான்.

"மத்தியானம் சுத்தியல் விழுந்ததும் ஆலைக்கு போன் பண்ணிட்டேம்மா" என்றான். "வேலைய விடல, ராஜினாமாவக் கிழிச்சுப் போட்டுடுங்கன்னேன். அவங்களுக்குச் சந்தோஷம். வசந்தம் வரைக்கும் இருந்தாகணும்னு வாக்கு வாங்கிக்கிட்டாங்க. கொடுத்துட்டேன். திங்கக்கிழமை ஸ்காட்லாந்துக்கு லோடு."

மறிகளை ஏலத்தில் விட்டபோது அவன் வளையத்தருகே இல்லை என்பதே அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. முதல் சுத்தியல் விழும் வரையில், அவள் கேட்பாள் என்று அவன் காத்திருந்திருக்கிறான். அவள் கேட்கவில்லை. அவன் போய்விட்டான். யாரைக் குற்றம் சொல்லுவது என்று ஒரு நிமிடம் தேடினாள். பழக்கதோஷம்; தவறு என்றால் அதைச் செய்தவர் பெயர் அவளுக்கு வேண்டும். அந்தப் பெயர் கிடைத்துவிட்டது; அவளுடையதே.

கொடுத்த வாக்கை மீறு என்று அவனிடம் சொல்ல அவளால் முடியாது. சொன்னாலும் அவன் மீற மாட்டான். அப்படித்தான் அவள் அவனை வளர்த்திருந்தாள்.

கில்ஹெட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை ஆண்டுகளில் ஹெஸ்டர் இந்தக் கதவைத் தாண்டியதில்லை. மலை கிட்டினுடையது, வீடு அவளுடையது. அப்படி யாரும் வகுத்துச் சொன்னதில்லை, ஆனால் இருவருமே அதைக் கடைப்பிடித்தார்கள். அவள் கறுநீல மேற்சட்டையின் கீழ்மடிப்பை ஒரு கையால் பற்றித் தூக்கிக்கொண்டு, ஆடுகளின் ஓரமாக வாசலைத் தாண்டி ஈரப்புல்லில் காலை வைத்தாள்.

"எல்லை எங்க இருக்கு? காட்டு."

"அம்மா, அது ஒருநாள் ரெண்டுநாள் வேலை இல்ல. குளிர் வரப்போகுது."

"எத்தனை நாள்னு நான் கேக்கல. எங்கன்னு கேட்டேன்."

லூக் அவளுடைய காலணியைப் பார்த்தான்; சந்தைக்குப் போட்டுக்கொண்டு போன மெல்லிய தோல் காலணி. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்ததுபோல் தெரிந்தது. ஆனால் அவன் அவள் கையிலிருந்த கோலைச் சரியாகப் பிடிக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அவளுக்கு முன்னால், அவள் எட்டிப்பிடிக்கக்கூடிய நடையில், மூடுபனியை நோக்கி ஏறத் தொடங்கினான்.

சிறிது தூரம் போய் ஹெஸ்டர் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்தபடியே இருந்தது. மறிகள் எல்லாம் வாசலில் நின்று, மலையேறும் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் இன்னும் காலெடுத்து வைக்கவில்லை.